குளிரில் ஹைட்ராலிக் விறகு பிளக்கும் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் உறைகிற குளிரில் இந்த மெஷினை ஓட்டுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பலவாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. பம்பு ஆயிலை சிலிண்டருக்குள் தள்ள, பிஸ்டன் தண்டு வெளியே வந்து கட்டையையும் ஆப்பையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிளப்பதுதான் இந்த மெஷினின் வேலை. டேங்கில் கிடக்கும் ஆயில் அந்தப் பம்புக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் அந்த இடம். பல குளிர்காலங்களாக ஓட்டியும், அடுத்தவர் மெஷினைப் பிரித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் மெஷினோடு வந்த கையேடு வேறு எதையாவது சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

கோடையில் நன்றாக ஓடிய மெஷின் குளிரில் ஏன் திணறுகிறது?

ஆயில் கெட்டிப்படுவதால்தான். ஹைட்ராலிக் ஆயில் டப்பாவில் ஐஎஸ்ஓ விஜி 32, 46, 68 என்று ஓர் எண் இருக்கும். 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பிசுக்கு, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, எத்தனை சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) என்பதைத்தான் அது சொல்கிறது. அறை வெப்பத்தில் தண்ணீரின் பிசுக்கு சுமார் 1 என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடச் சுலபம். சாதாரண விஜி 32 ஆயில் 0 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 300 சென்டிஸ்டோக் ஆகிவிடுகிறது, அதாவது பத்து மடங்கு கெட்டி. விஜி 46 இன்னும் மோசம், 500-ஐத் தாண்டும். மைனஸ் 20-இல் அதே விஜி 32 ஆயிலின் பிசுக்கு ஆயிரக்கணக்கில் போய்விடும். டப்பாவைச் சாய்த்தால் பாகு போல வழியும்.

இந்தக் கெட்டி ஆயிலை பம்பு உறிஞ்சி எடுக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் ஒரு வெற்றிடத்தைத்தான் உண்டாக்குகிறது. ஆயிலை அதற்குள் தள்ளுவது டேங்கின் மேல் இருக்கும் காற்றழுத்தம். அது சுமார் 1 பார், அதற்கு மேல் ஒரு துளிகூடக் கிடையாது. வெளியேறும் பக்கத்தில் பம்பு 2500 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), அதாவது 170 பார் வரை கொடுக்கும். உள்ளே வரும் பக்கத்தில் அந்த ஒரே ஒரு பாரை வைத்துத்தான் வலை ஃபில்டர், குழாய், வளைவு எல்லாவற்றையும் ஆயில் தாண்டி வர வேண்டும். அழுத்தப் பக்கம் எவ்வளவு பலமாக இருந்தாலும் குளிரில் மெஷின் படுத்துக்கொள்வது இந்த உறிஞ்சும் பக்கத்தில்தான்.

ஸ்டார்ட் ஆனதும் பம்பிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. ஓட்டலாமா?

உடனே வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ஒரு தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம் இது. ஆயில் போதுமான வேகத்தில் வராததால் பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கி, ஆயிலில் கரைந்திருந்த காற்றும் ஆவியும் குமிழ்களாகப் பிரிகின்றன. அந்தக் குமிழ்கள் பல்சக்கரங்களுக்கிடையே அழுத்தப் பக்கத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. ஒவ்வொரு குமிழும் உடையும்போது ஊசிமுனை அளவு இடத்தில் உலோகத்தை அடிக்கிறது. கேவிடேஷன் என்பது இதுதான். இப்படிப் பாழான ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்க வேண்டிய அலுமினிய உட்சுவர், பூச்சி அரித்த மரம் மாதிரி பொடிப்பொடிக் குழிகளோடு மங்கிக் கிடந்தது. அங்கிருந்து பெயர்ந்த துகள்கள் வால்வையும் சிலிண்டர் சீல்களையும் தேய்க்கப் போயிருந்தன.

நன்றாகச் சூடேறிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது. டேங்கில் ஆயில் குறைவு, வலை ஃபில்டரில் அடைப்பு, உறிஞ்சும் குழாயின் கிளிப் தளர்ந்து காற்று புகுவது என்று வரிசையாகப் பாருங்கள். காற்று புகுந்தால் டேங்கில் ஆயில் நுரைத்திருக்கும்.

அப்படியானால் குளிருக்கு எந்த ஆயில்?

பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்குக் கையேடு சொல்வது ஏடபிள்யூ 32 அல்லது 46 வகை. ஏடபிள்யூ என்பது தேய்மானத்தைத் தடுக்கும் சேர்ப்பு உள்ளது என்பதற்கான குறி. வருடத்தில் பெரும்பகுதி குளிரிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் 46-ஐ விட்டுவிட்டு 32-க்கு வாருங்கள். கையேடு அனுமதித்தால் 22 வரைகூடப் போகலாம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து ஆயில் வாங்குவது பாதி வேலைதான். அடுத்துப் பார்க்க வேண்டியது விஸ்காசிட்டி இண்டெக்ஸ், சுருக்கமாக விஐ. வெப்பம் மாறும்போது பிசுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு அது. சாதாரண ஹைட்ராலிக் ஆயிலுக்கு அது 100-ஐ ஒட்டி இருக்கும். எச்விஎல்பி என்று குறித்திருக்கும் எல்லாப் பருவ ஆயில்களுக்கு 140-ஐத் தாண்டும். இரண்டுமே விஜி 32 என்றாலும் மைனஸ் 20-இல் இரண்டாவது வகை பாதிப் பிசுக்கிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். கோடையில் வேலை செய்யும்போது நீர்த்தும் போகாது. பருவத்துக்குப் பருவம் ஆயில் மாற்ற விரும்பாதவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் வருடம் முழுக்க ஒரே ஆயில் போதும்.

தகவல் தாளில் 'போர் பாயின்ட்' என்று ஒரு வெப்பநிலை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆயில் அசையவாவது அசையும் கடைசி எல்லை அது. அந்தக் குளிரில் பம்பு ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. போர் பாயின்ட் மைனஸ் 30 என்று போட்ட ஆயில் மைனஸ் 20-லேயே பம்பைப் பட்டினி போடக்கூடும்.

மாற்றும்போது ஒரு விஷயம். ஆயில் சூடாக இருக்கும்போது, பிஸ்டன் தண்டை முழுக்க உள்ளே இழுத்த நிலையில் வடியுங்கள். தண்டு உள்ளே இருக்கும்போதுதான் சிலிண்டருக்குள் நிற்கும் ஆயில் மிகக் குறைவு. ஆயில் மட்டம் பார்ப்பதும் அதே நிலையில்தான். வடித்த கையோடு வலை ஃபில்டரையும் கழற்றிக் கழுவிவிடுங்கள், திரும்பவரும் பக்கத்து ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள்.

காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏடிஎஃப் ஊற்றலாமா?

கையேட்டில் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். பல தயாரிப்பாளர்கள் ஏடபிள்யூ ஆயிலுக்குப் பதிலாக டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப்-ஐ அனுமதிக்கிறார்கள். 40 டிகிரியில் அதன் பிசுக்கு விஜி 32-ஐ ஒட்டியே இருக்கும், விஐ மிக அதிகம், குளிரில் நன்றாக ஓடும். சிவப்பு நிறம் என்பதால் கசிவு எங்கே என்று பனியில் பளிச்சென்று தெரிவது உபரி லாபம்.

கெட்டியான ஆயிலில் கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து நீர்க்கச் செய்யலாமா?

வேண்டாம். காலையில் ஸ்டார்ட் ஆகும், மதியம் சூடேறியதும் ஆயில் படலம் நிற்காது, பம்பும் தேயும். தீப்பற்றும் வெப்பநிலையும் இறங்கிவிடும். பிரேக் ஆயில் ஊற்றுவது அதைவிட ஆபத்து. கிளைகால் வகை பிரேக் திரவம் பட்டால் ஹைட்ராலிக் மெஷினில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

கயிற்றை இழுக்கவே முடியவில்லை. எஞ்சின் இறுகிவிட்டதா?

பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த மெஷின்களில் எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே கிளட்ச் கிடையாது. ஒரு ரப்பர் துண்டு வைத்த கப்ளிங்தான் இருக்கும். அதனால் நீங்கள் கயிற்றை இழுக்கும்போது எஞ்சினோடு பம்பையும், பம்புக்குள் இருக்கும் பாகு ஆயிலையும் சேர்த்தே சுற்றுகிறீர்கள்.

முதலில் தண்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வால்வு லீவர் நடுநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இப்படி அப்படி இருந்தால் பாரம் இன்னும் கூடும். ஸ்விட்சை அணைத்து வைத்துக்கொண்டு, கயிற்றை அவசரப்படாமல் நாலைந்து முறை மெதுவாக முழு நீளத்துக்கு இழுங்கள். பம்புக்குள் உறைந்து நிற்கும் ஆயில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். அப்புறம் ஸ்விட்சைப் போட்டு, சோக்கை மூடி, வழக்கம்போல் இழுக்கலாம். சட்டென்று வெட்டி இழுத்தால் கயிறு அறும், தோளும் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் ஆயிலையும் மறக்க வேண்டாம். எஸ்ஏஇ 30 ஊற்றியிருந்தால் 4, 5 டிகிரிக்குக் கீழே ஸ்டார்ட் ஆவது கஷ்டம்தான். 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் ஊற்றிப் பாருங்கள், இழுக்கிற கைக்கே வித்தியாசம் தெரியும். பெட்ரோல் போன பருவத்தில் வாங்கியதாக இருந்தால் அதை மாற்றுங்கள். பழைய பெட்ரோலில் சுலபமாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துபோய்விடும். குளிரில் தீப்பிடிக்க அந்தப் பகுதிதான் வேண்டும்.

பேட்டரி ஸ்டார்ட் மெஷின் என்றால் மைனஸ் 18 அளவில் ஈய அமில பேட்டரி தன் பலத்தில் பாதியை இழந்திருக்கும். ராத்திரி பேட்டரியைக் கழற்றி உள்ளே வைப்பது நல்ல பழக்கம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அக்கறையோடு எழுதுவது இந்தப் பதிலைத்தான். குளிரில் கெட்டுப்போன பம்புகளில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடத்தில் கெட்டவை என்பது என் கணிப்பு.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணையாமல் நிற்கும் அளவுக்குக் குறைந்த வேகத்தில் விடுங்கள். லீவரைத் தொட வேண்டாம். லீவர் நடுவில் இருக்கும்போது ஆயில் டேங்கிலிருந்து பம்பு, வால்வு, ஃபில்டர் வழியாக மறுபடி டேங்குக்கே சுற்றி வரும். அழுத்தம் குறைவு, ஓட்டம் மட்டும் இருக்கும். 0 டிகிரியை ஒட்டிய குளிருக்கு 5 நிமிடம், மைனஸ் 10-க்கு 10 நிமிடம், மைனஸ் 20-க்கு 15 முதல் 20 நிமிடம் என்று நான் விடுகிறேன். இது என் கணக்கு, சட்டமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். முதலில் எஞ்சின் முக்கி முனகும். சில நிமிடங்களில் அந்த முனகல் தளர்ந்து சீராகும். அது உங்களுக்கான முதல் அடையாளம்.

அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் மட்டும் அப்படியே குளிர்ந்து கிடக்கும், ஏனென்றால் சுற்றி வருகிற ஆயில் அதைத் தொடவே இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே அடுத்ததாக, கட்டை எதுவும் வைக்காமல் லீவரை மெதுவாகத் தள்ளி ஒரு சாண் நீளம் தண்டை வெளியே விடுங்கள், திரும்ப இழுங்கள். பிறகு பாதி தூரம், பிறகு முக்கால் தூரம். இரண்டு கோடியிலும் முட்ட விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரிலிருந்து குளிர்ந்த ஆயில் டேங்குக்குப் போய், கொஞ்சம் சூடேறிய ஆயில் உள்ளே வரும். ஐந்தாறு தடவையில் தண்டின் நடை வேகமாகும். இப்போதுதான் எஞ்சின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் சில கட்டைகள் கணு இல்லாத, நேர் நார் உள்ள சின்னக் கட்டைகளாக இருக்கட்டும். கவட்டைக் கிளையும் முறுக்கு நாரும் உள்ளதை டேங்கின் பக்கவாட்டில் கை வைத்தால் சில்லிப்பு போய்விட்டது என்று தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

தண்டைக் கோடிவரை தள்ளி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் சூடாகுமே?

சூடாகும் என்பது உண்மை. அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு வழியாக ஆயில் பிதுங்கும்போது எஞ்சினின் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. ஆனால் அந்த வெப்பம் வால்வில் பிறக்கிறது. பம்பின் வாயில் வரும் ஆயில் இன்னும் அதே பாகுதான். பட்டினியில் இருக்கும் பம்பின் தலையில் முழு அழுத்தத்தையும் ஏற்றுகிறீர்கள். சூடேற்ற இது தவறான வழி.

சூடேறும் வரை தண்டு ஆமை வேகத்தில் போகிறது. பலம் குறைந்துவிட்டதா?

பலம் குறையவில்லை. தள்ளும் பலம் என்பது ஆயில் அழுத்தத்தை பிஸ்டன் பரப்பால் பெருக்கினால் வருவது. 4 அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 12.57 சதுர அங்குலம், 2500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது சுமார் 31,400 பவுண்டு, ஏறத்தாழ 14 மெட்ரிக் டன் கொடுக்கும். குளிர் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

வேகம் குறைவதற்குக் காரணம் வேறு. பெரும்பாலான மெஷின்களில் இருப்பது இரண்டு கட்ட பம்பு. ஒன்றில் பெரிய பல்சக்கர ஜோடி, இன்னொன்றில் சின்ன ஜோடி. கட்டையைத் தொடும்வரை இரண்டும் சேர்ந்து ஆயிலைத் தள்ளும், தண்டு விரைவாக நகரும். கட்டையில் ஆப்பு பாய்ந்து அழுத்தம் சில நூறு பிஎஸ்ஐ-ஐத் தாண்டியதும் பெரிய ஜோடி விலகிக்கொள்ளும், சின்ன ஜோடி மட்டும் மெதுவாக முழு அழுத்தத்தோடு தள்ளும். குளிரில் என்ன நடக்கிறது? கெட்டி ஆயில் ஹோஸிலும் வால்விலும் நுழையவே அவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது. கட்டை வைத்திருக்கிறீர்கள் என்று பம்பு நினைத்துக்கொண்டு, வெறும் தண்டை நகர்த்தும்போதே மெதுவான கட்டத்துக்கு மாறிவிடுகிறது. ஆயில் இளகியதும் தானாகச் சரியாகும்.

தண்டு திரும்பி வரும்போது லீவர் பாதியிலேயே நடுவுக்குத் தாவிவிடுகிறதே?

அதுவும் இதே கதைதான். திரும்பும் பக்கத்தில் லீவரைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு, தண்டு முழுக்க உள்ளே போய் அழுத்தம் ஏறியதும் லீவரை விடுவிக்க வேண்டும். கெட்டி ஆயிலின் எதிர்ப்பால் அந்த அழுத்தம் நடுவழியிலேயே வந்துவிடுகிறது. சூடேறும்வரை கையாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். சிலர் அந்த அமைப்பின் ஸ்க்ரூவை குளிரில் முறுக்கி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் சூடான நாளில் லீவர் விடுபடாமல் ரிலீஃப் வால்வு அலறும்.

டேங்குக்கு ஹீட்டர் வைக்கலாமா?

மைனஸ் 15-க்குக் கீழே அடிக்கடி வேலை செய்கிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வேன், வையுங்கள். டேங்கின் அடியில் ஒட்டும் சிலிகான் பட்டை ஹீட்டர் போதும், தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். சின்ன இடத்தில் அதிகச் சூடு கொடுக்கும் ஹீட்டர் வேண்டாம். அசையாமல் நிற்கும் ஆயில் அந்த இடத்தில் மட்டும் கருகும். வேலைக்கு ஓரிரு மணி நேரம் முன்பே போட்டு, மேலே ஒரு தடித்த போர்வையோ தார்ப்பாயோ போர்த்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் போர்வையை எடுத்துவிட வேண்டும்.

கேஸ் டார்ச், விறகுத் தீ, கரி அடுப்பு எதுவும் மெஷினுக்கு அருகே வரக்கூடாது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஆயில் பால் மாதிரி வெளுத்துவிட்டது. ஏன்?

தண்ணீர் கலந்துவிட்டது. பகலில் சூடான டேங்க் ராத்திரி குளிரும்போது மூடியின் மூச்சுத் துளை வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து ஆயிலில் இறங்குகிறது. மூச்சுத் துளை மூடியின் மேல் பனி குவிந்து, அது உருகி நேராகவே உள்ளே வடிவதும் உண்டு.

குளிரில் இதன் விளைவு வேறு மாதிரி இருக்கும். அடியில் தேங்கிய தண்ணீர் உறைந்து, வலை ஃபில்டரை ஐஸ் பொருக்கால் மூடிவிடும். ஆயில் மட்டம் சரியாக இருக்கும், ஆயில் வகையும் சரியாக இருக்கும், பம்பு மட்டும் கத்தும். இப்படிப்பட்ட மெஷினில் நான் டேங்கின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தியபோது முதலில் ஒன்றுமே வரவில்லை. மெஷினைச் சூடான இடத்தில் ஒரு ராத்திரி நிறுத்திய பிறகு மறுபடி திறந்தேன். ஒரு கோப்பை அளவு தெளிந்த தண்ணீர் வந்த பிறகுதான் ஆயில் வந்தது.

வெளுத்த ஆயிலை வெளியேற்றிப் புதிதாக ஊற்றுவதுதான் வழி. எஞ்சின் ஆயிலை ஹைட்ராலிக் டேங்கில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல், ஏனென்றால் அதிலிருக்கும் அழுக்கு நீக்கிகள் தண்ணீரை அடியில் பிரியவிடாமல் கலக்கியே வைத்திருக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் சீல் ஓரம் கசிகிறது, அப்புறம் தானே நின்றுவிடுகிறது.

ரப்பர் சீல் குளிரில் விறைத்துச் சுருங்கும். சூடானதும் பழையபடி படியும். நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சூடேறிய பிறகும் கசிந்தால் சீல் போய்விட்டது.

தண்டின் மேல் பளபளப்பான குரோம் பூச்சில் பனி படிந்து உறைந்திருந்தால் அப்படியே உள்ளே இழுக்காதீர்கள். அந்தப் பொருக்கு கத்தி மாதிரி, வாயிலில் இருக்கும் துடைப்பு சீலைச் சீவிவிடும். துணியால் துடைத்து எடுங்கள், இரும்பால் சுரண்ட வேண்டாம்.

ஹோஸ்களையும் ஒரு பார்வை பாருங்கள். எஸ்ஏஇ 100 ஆர்2 போன்ற இரட்டைக் கம்பி ஹோஸ்கள் மைனஸ் 40 வரை தாங்கும் தரம் உள்ளவை. ஆனால் பழசாகி வெடிப்பு விட்ட ஹோஸை அந்தக் குளிரில் வளைத்தால் தாங்காது.

கசிவு எங்கே என்று தேடும்போது ஒருபோதும் கையால் தடவாதீர்கள், கையுறை போட்டிருந்தாலும்கூட. ஊசித் துளையிலிருந்து 2500 பிஎஸ்ஐ-யில் பாயும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழுகத் தொடங்கும். சில மணி நேரம் தாமதித்தாலும் விரலோ கையோ போகலாம். அப்படி ஏதாவது நடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், அதிக அழுத்த ஆயில் தோலுக்குள் பாய்ந்தது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும், அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஆயில் கறை காட்டிக்கொடுக்கும்.

என்னுடையது மின்சார மெஷின். அதற்கும் இதெல்லாம் உண்டா?

ஆயில் சம்பந்தப்பட்டது எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாக வயர். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கும். மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் விசை 19 சதவீதம் போய்விடும். கோடையில் அது தெரியாது. குளிரில் கெட்டி ஆயிலைச் சுற்ற வேண்டியிருக்கும்போது மோட்டார் ஹம்மென்று உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கும். இரண்டு மூன்று வினாடியில் சுற்றவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், சுருள் கருகிவிடும். குட்டையான, தடித்த வயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

மின்சார மெஷின் இலேசானது என்பதால் ராத்திரி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் காலையில் பாதிப் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும். பல சின்ன மெஷின்களில் ஒரு காற்றுப் போக்கி ஸ்க்ரூ இருக்கும். ஓட்டுமுன் அதை சில சுற்றுகள் தளர்த்த வேண்டும், தூக்கிச் செல்லும்போது இறுக்க வேண்டும். உறைந்த விரல்களோடு அவசரப்படும்போது இதைத்தான் முதலில் மறப்போம். மூடியே ஓட்டினால் அடைபட்ட காற்று சீல்களைப் பிதுக்கிவிடும்.

உறைந்த மரம் பிளப்பதற்குச் சுலபமா, கஷ்டமா?

நேர் நாருள்ள பச்சை மரம் என்றால் சுலபம். மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்ததும் நார் இழுபடாமல் டக்கென்று விட்டுக்கொடுக்கும். ஆப்பு கால்வாசி போவதற்குள் கட்டை கண்ணாடி மாதிரி இரண்டாகிவிடும். சும்மா பார்த்துக்கொண்டிருக்கவே திருப்தியாக இருக்கும் வேலை. கோடையில் நார் நாராகத் தொங்கும் மரங்கள்கூடக் கடுங்குளிரில் சுத்தமாகப் பிளக்கும்.

ஆனால் அதே காரணத்தால் துண்டுகள் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். கட்டையின் அடியில் ஐஸ் ஒட்டியிருந்தால் முட்டுத் தகட்டில் வழுக்கிப் பக்கவாட்டில் பாயும். கட்டையை வைக்குமுன் இரண்டு முகத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பனியை உதிர்த்துவிடுங்கள். தரையோடு உறைந்த கட்டையைக் காலால் உதைப்பதைவிடக் கடப்பாரையால் நெம்புவது நல்லது.

உறைந்த கணு வேறு ரகம். அதில் ஆப்பு பாயாமல் நின்று, எஞ்சின் முக்கினால் உடனே லீவரை விடுங்கள். கட்டையைத் திருப்பிக் கணுவுக்கு விலகிய இடத்தில் ஓரமாகச் சீவிக்கொண்டு வாருங்கள்.

குளிராக இருக்கிறதே, ஷெட்டுக்குள் வைத்து ஓட்டலாமா?

பெட்ரோல் மெஷினைக் கூடாது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல் என்று தோன்றும்போதே நடந்து வெளியேற முடியாத நிலை வந்துவிடலாம். சூடேற்றும் அந்தப் பத்து நிமிடம்கூட வெளியேதான்.

உடை, கையுறை விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

மப்ளரின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், தொங்கவிட வேண்டாம். தடித்த பஞ்சுக் கையுறை விரல்களின் உணர்வை மறைத்துவிடும். கட்டைக்கும் ஆப்புக்கும் நடுவில் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும். கைக்கு ஒட்டிய தோல் கையுறை போட்டு, விரல் மரத்துப்போனால் வேலையை நிறுத்திச் சூடேற்றிக்கொள்வதே சரி.

லீவரை இயக்குவதும் கட்டை வைப்பதும் ஒரே ஆளாக இருக்கட்டும். ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவர் பிடிக்கும் இடத்தில்தான் விரல்கள் போகின்றன. விறகு பிளக்கும் மெஷின்களுக்கான ஐரோப்பியத் தர விதி ஈஎன் 609-1 இரண்டு கையாலும் பிடித்தால்தான் இயங்கும் அமைப்பைக் கேட்பது இதற்காகத்தான். குளிரில் லீவர் கனமாக இருக்கிறது என்று அதில் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைக்காதீர்கள்.

நிற்கும் இடத்தில் மணலோ மரத்தூளோ தூவுங்கள். சக்கரத்துக்கு முட்டு கொடுங்கள்.

எஞ்சினிலிருந்து திடீரென்று ஆயில் வெளியே தள்ளுகிறது. இது எதனால்?

எஞ்சினின் அடிப்பெட்டியில் சேரும் ஈர ஆவி ஒரு சின்ன மூச்சுக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். கடுங்குளிரில் அந்த ஆவி குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, சீல்களைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வரும். உடனே அணைத்து, எஞ்சினைச் சூடான இடத்தில் வைத்துக் குழாயை இளக விடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது, மறுபடி ஐந்து நிமிடம் என்று ஓட்டினால் இந்த ஈரம் சேரும். ஸ்டார்ட் செய்தால் குறைந்தது அரை மணி நேரமாவது வேலை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் என்ன செய்து வைக்க வேண்டும்?

தண்டைத் துடைத்து முழுக்க உள்ளே இழுத்து நிறுத்துங்கள். வெளியே நின்ற தண்டில் ராத்திரி விழும் பனிதான் காலையில் சீலை அறுப்பது. எஞ்சின் அணைந்த பிறகு லீவரை இரண்டு பக்கமும் ஒருமுறை தள்ளி, மிச்ச அழுத்தத்தை விடுவித்து நடுவில் வையுங்கள். ஆயில் இன்னும் சூடாக இருக்கும்போதே மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். டேங்கில் காலி இடம் குறைவாக இருந்தால் வியர்ப்பதும் குறைவு. ஆப்பிலும் கட்டை படுக்கும் இரும்பு உத்தரத்திலும் ஒட்டிய ஈரச் சிராய்களைச் சுரண்டிவிட்டு, கைக்கு எட்டிய ஆயிலை ஒரு துணியில் தொட்டு மெல்லப் பூசுங்கள். கடைசியாகத் தார்ப்பாய். அதை மெஷின் ஆறிய பிறகு போடுங்கள், அடியில் கொஞ்சம் காற்றோட்டம் விட்டு. சூடாக இருக்கும்போது இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து, நாளைக் காலை மூச்சுத் துளை மூடியின் மேல் ஒரு ஐஸ் தொப்பி உட்கார்ந்திருக்கும்.